ஐந்து பைசா நட்பு

(பட்டிமன்றத் தலைப்பு: நாடுகள் வெளியிடும் நட்பு அஞ்சல் தலைகள் உறவின் அடையாளமா, வெறும் சடங்கா? ‘உறவின் அடையாளமே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். தபால் தலைக்குப் பின்னால் பசை இருக்கிறது, அதனால் அது கவரில் ஒட்டுகிறது. நாடுகளுக்கு நடுவில் அந்தப் பசை கூடக் கிடையாது என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வார்த்தைக்குக் கை தட்டாவிட்டால் நான் தமிழாசிரியையே இல்லை. (சிரிப்பு)

ஆனால் ஐயா, நான் ஒன்று கேட்கிறேன். நாமெல்லாம் ஸ்டாம்பு ஒட்டியவர்கள்தானே? பசை இருந்தால் மட்டும் ஒட்டுமா? ஸ்டாம்பை எடுத்து அப்படியே கவர் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள், ஒட்டாது. ஈரம் படணும். தபால் ஆபீசில் ஒரு பஞ்சு டப்பா வைத்திருப்பார்கள். அதில் என்றைக்குத் தண்ணீர் இருந்தது? கடைசியில் நாக்கில்தான் தொட்டு ஒட்டுவோம். (சிரிப்பு) பசை எல்லா ஸ்டாம்பிலும் இருக்கிறது. ஒட்டுவதும் ஒட்டாததும் ஈரத்தில் இருக்கிறது. தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (கைதட்டல்) எதிரணி பசையைப் பற்றிப் பேசியது. நான் ஈரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சடங்காக வரும் ஸ்டாம்பும் இருக்கிறது. இல்லையென்று நான் வாதாட மாட்டேன். நம் நாடும் இன்னொரு நாடும் சேர்ந்து கூட்டாகத் தபால் தலை வெளியிடுவது ஒரு வழக்கம். 2006-இல் சைப்ரஸ் நாட்டோடு வெளியிட்டார்கள். என்ன படம்? நடனம். 2010-இல் மெக்சிகோவோடு. என்ன படம்? அதுவும் நடனம். 2017-இல் ரஷ்யாவோடு. நடனம்! அதே 2017-இல் போர்ச்சுகலோடு. நீங்களே சொல்லுங்கள்... (அரங்கத்தில் ‘நடனம்’ என்ற குரல்) பார்த்தீர்களா, சபைக்கே தெரிந்துவிட்டது! இரண்டு அரசாங்கங்களுக்கு என்ன போடுவது என்று தெரியாவிட்டால், நீ ஒரு ஆட்டம் போடு, நான் ஒரு ஆட்டம் போடுகிறேன் என்று முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. (பலத்த சிரிப்பு)

இதைத்தான் எதிரணி நண்பர் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆடினார். ஆனால் அந்தப் போர்ச்சுகல் ஸ்டாம்பை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள் ஐயா. கோவாவை வைத்து நமக்கும் அவர்களுக்கும் தகராறு. 1955-இலேயே தூதரக உறவு அறுந்துபோனது. 1961 டிசம்பரில் நம் ராணுவம் கோவாவுக்குள் போனது. கோவா நம்முடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டு உறவைப் புதுப்பித்தது 1974-ஆம் ஆண்டின் கடைசி நாளில். முகத்தில் முழிக்காத பங்காளி வீடு, பேச்சுவார்த்தை அறுந்த வீடு, ஒருநாள் கல்யாணத்தில் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்டால், இலையில் என்ன பரிமாறினார்கள் என்றா பார்ப்போம்? அவன் வந்து உட்கார்ந்தானே, அதுவல்லவா சேதி? (கைதட்டல்)

சரி, ஒரு தபால் தலை என்றால் உண்மையில் என்ன? அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. 1840 மே மாதம் இங்கிலாந்தில் உலகத்தின் முதல் தபால் தலை வந்தது. கறுப்பு நிறம், ஒரு பென்னி, விக்டோரியா ராணியின் தலை. ஆனால் அது இங்கிலாந்துக்குள்தான் செல்லும். வெளிநாட்டுக்குக் கடிதம் போட வேண்டுமானால் அந்தக் காலத்தில் பெரிய வம்பு. எந்த நாட்டு வழியாகப் போகிறதோ அந்த நாட்டுக்கெல்லாம் கூலி. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிக் கணக்கு. 1874 அக்டோபர் 9-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் உட்கார்ந்து இதற்கு ஒரு முடிவு கட்டின. இன்றைக்கும் அக்டோபர் 9 உலக அஞ்சல் தினம். இந்தியா 1876-இல் அந்தச் சங்கத்தில் சேர்ந்தது.

அவர்கள் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அனுப்புகிற நாடு காசை வைத்துக்கொள்ளட்டும். வாங்குகிற நாடு சும்மா கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஏன்? ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும். அவன் பதில் எழுதும்போது அவன் காசு வாங்கிக்கொள்வான், நாம் சும்மா கொண்டுபோய்க் கொடுப்போம். நம் ஊரில் மொய் எழுதுகிறோமே, அதே கணக்கு! (சிரிப்பு) பிறகு 1969-இல் டோக்கியோவில் கூடி, ரொம்ப வித்தியாசப்பட்டால் கொஞ்சம் ஈடு கொடுக்கலாம் என்று மாற்றினார்கள், அது வேறு. ஆனால் ஏறக்குறைய நூறு வருஷம் உலகம் மொய் முறையில்தான் கடிதம் பட்டுவாடா செய்திருக்கிறது. இடையில் இரண்டு உலகப் போர்! எதிரணி நண்பரே, நாடுகளுக்கு நடுவில் பசை கிடையாது என்றீர்களே, இதற்கு என்ன பெயர்?

அடுத்து அவர் ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். ஸ்டாம்பால் சண்டைதான் வந்திருக்கிறது, நட்பு எங்கே வந்தது என்றார். உதாரணமும் சொன்னார். நல்ல உதாரணம், உண்மையான உதாரணம். 1937-இல் மத்திய அமெரிக்காவில் நிகரகுவா ஒரு விமானத் தபால் தலை போட்டது. அதில் தன் நாட்டு வரைபடம். பக்கத்து நாடான ஹோண்டுராசோடு தகராறில் இருந்த ஒரு நிலப்பகுதியையும் அதில் சேர்த்து வரைந்து, வழக்கில் உள்ள பகுதி என்று எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த நிலம் ஹோண்டுராசுக்கு என்று 1906-இலேயே தீர்ப்பாகியிருந்தது. ஹோண்டுராஸ் கொதித்துப் போனது. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நாடும் போர் விளிம்புக்கே போய்விட்டன. மற்ற நாடுகள் நடுவில் புகுந்து விலக்கிவிட வேண்டியிருந்தது. அந்த வழக்கு 1960-இல் சர்வதேச நீதிமன்றம் ஹோண்டுராஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லித்தான் ஓய்ந்தது.

ஜெர்மனியையும் சொல்லலாம், அவர் விட்டுவிட்டார், நானே எடுத்துக் கொடுக்கிறேன். கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்று இரண்டாக இருந்த காலத்தில், 1953-இல் மேற்கு ஜெர்மனி போர்க் கைதிகளை நினைத்து ஒரு தபால் தலை வெளியிட்டது. பெரும்பாலான கைதிகள் அப்போது சோவியத் யூனியனில். கிழக்கு ஜெர்மனித் தபால்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஸ்டாம்பு ஒட்டி வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பினார்கள், ஸ்டாம்பின் மேல் கறுப்பு மையைப் பூசினார்கள். தபால் யுத்தம் என்றே அதற்குப் பெயர்.

இப்போது நடுவர் அவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். எதிரணியின் கட்சி என்ன? ஸ்டாம்பு வெறும் சடங்கு. அவர்கள் காட்டிய சாட்சி என்ன? ஸ்டாம்பால் போரே வரப் பார்த்தது! ஐயா, சடங்குக்காக எவனாவது சண்டைக்குப் போவானா? சடங்குக் காகிதத்துக்கு மேல் எவனாவது மெனக்கெட்டுக் கறுப்பு மை பூசுவானா? (பலத்த கைதட்டல்) ஒரு நாடு ஸ்டாம்பில் எதைப் போடுகிறதோ அதை அது கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கோபம் வருகிறது. கோபம் வருகிற இடத்தில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் கூடப் பாருங்கள், நாம் சொல்கிற வார்த்தை உறைக்கிற இடத்தில்தானே கோபமும் வரும்! உங்கள் சாட்சி எங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை விசாரித்திருக்கலாம். (சிரிப்பு)

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஈரம் இருந்த தபால் தலைகள் சிலதை மட்டும் சொல்கிறேன்.

1969. காந்தியடிகள் நூற்றாண்டு. காந்திக்கு ஸ்டாம்பு போட்ட முதல் வெளிநாடு அமெரிக்கா. 1961-இல் நம் குடியரசு தினத்தன்றே வெளியிட்டார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அமெரிக்காவுக்கு அதில் என்ன சங்கடம்? ஒன்றும் இல்லை. சங்கடம் யாருக்கு? இங்கிலாந்துக்கு. அவரைத் திரும்பத் திரும்பச் சிறையில் போட்டவர்கள் அவர்கள். 1931-இல் சர்ச்சில், இந்த மனிதர் அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறாரே என்று குமைந்தார். அந்த சர்ச்சிலுக்கு 1965-இல் பிரிட்டன் தபால் தலை வெளியிட்டது. அதற்கு நாலே வருஷம் கழித்து, 1969 ஆகஸ்டில், அதே பிரிட்டன் காந்திக்குத் தபால் தலை வெளியிட்டது! அயல்நாட்டுத் தலைவர் ஒருவருக்கு அவர்கள் போட்ட முதல் ஸ்டாம்பு அதுதான்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கணும். பிரிட்டிஷ் ஸ்டாம்பில் நாட்டின் பெயர் இருக்காது. உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான் பெயர் போடுவதில்லை. முதலில் கண்டுபிடித்தவர்கள் என்ற உரிமை. பெயருக்குப் பதிலாக ராஜா அல்லது ராணியின் தலை கட்டாயம் இருக்கும். ஆகவே காந்தி ஸ்டாம்பிலும் எலிசபெத் ராணியின் தலை இருக்கிறது. காந்தி, அவருக்குப் பின்னால் நம் மூவர்ணக் கொடி, ஓரத்தில் பிரிட்டிஷ் மகாராணி. எந்தக் கொடியை ஏந்தியதற்காக நம் ஆட்கள் தடியடி வாங்கினார்களோ, அந்தக் கொடி! திருப்பூரில் ஒரு குமரன் எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் என்று இந்தச் சபைக்குத் தெரியும். அந்தக் கொடியை மகாராணியின் தலையோடு ஒரே காகிதத்தில் அச்சடித்து, ஒரு ஷில்லிங் ஆறு பென்சுக்கு விற்றார்கள். (கைதட்டல்) மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. சில பெரிய மனிதர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து நம் அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அந்த ஸ்டாம்பை வரைந்தவர் யார்? பீமன் மல்லிக். வங்காளத்துக்காரர், லண்டனில் இருந்த ஓவியர். பிரிட்டிஷ் தபால் தலை ஒன்றை வரைந்த முதல் வெளிநாட்டவர். அந்தச் சமயத்தில் பிரிட்டனின் தபால் இலாகாவுக்கு மந்திரியாக இருந்தவர் ஜான் ஸ்டோன்ஹவுஸ். இந்த இரண்டு பேரையும் நினைவில் வையுங்கள். இரண்டே வருஷத்தில் மறுபடியும் வரப்போகிறார்கள்.

1971 மார்ச். கிழக்குப் பாகிஸ்தானில் ரத்த ஆறு. ஜனங்கள் எல்லை தாண்டி நம் நாட்டுக்குள் ஓடி வருகிறார்கள். அங்கே சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள், ஆனால் உலகத்தில் எந்த நாடும் இன்னும் அங்கீகரிக்கவில்லை. நாடு இல்லை, தலைநகரம் இல்லை, நாணயம் இல்லை. அப்போது ஸ்டோன்ஹவுஸ் மந்திரி பதவியில் இல்லை, பாராளுமன்ற உறுப்பினர். அகதிகளின் நிலையைப் பார்த்துக் கலங்கியவர், பீமன் மல்லிக்கைப் பிடித்தார். அந்தப் பிறக்காத நாட்டுக்குத் தபால் தலை வரைந்து கொடுங்கள் என்றார். மல்லிக் எட்டுத் தபால் தலைகள் வரைந்தார். ஒன்றில் வரைபடம், ஒன்றில் கொடி, ஒன்றில் டாக்கா பல்கலைக்கழகப் படுகொலை, ஒன்றில் ஏழரைக் கோடி மக்கள், ஒன்றில் முஜிபுர் ரஹ்மான். 10 பைசாவில் தொடங்கி 10 ரூபாய் வரை. 1971 ஜூலை 29-ஆம் தேதி வெளியானது. இந்தியா அந்த நாட்டை அங்கீகரித்தது டிசம்பர் 6-ஆம் தேதி. அதாவது நாலு மாதத்துக்கு முன்னாலேயே பங்களாதேஷ் ஸ்டாம்பில் பிறந்துவிட்டது! (கைதட்டல்)

ஸ்டோன்ஹவுஸ் பின்னாளில் செய்தது வேறு கதை. 1974-இல் மியாமி கடற்கரையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டுச் செத்துப்போன மாதிரி நாடகம் ஆடினார், ஆஸ்திரேலியாவில் பிடிபட்டார், சிறைக்கும் போனார். அதை நான் மறைக்கவில்லை. நான் மறைத்தால் எதிரணி எடுத்துக்கொள்ளும். (சிரிப்பு) ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்க வேண்டும் என்றால், நாட்டில் பாதிப் பாலம் கட்டியிருக்க முடியாது. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான ஸ்டாம்புக்கு வருகிறேன். நம் நாட்டு ஸ்டாம்பு. விலை 5 பைசா.

ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்துவிட்டார்கள். சோறு போடணும், கூடாரம் போடணும், காலரா மருந்து கொடுக்கணும். 1971 நவம்பர் 15 முதல், கடிதம் போடுகிறவர்கள் வழக்கமான ஸ்டாம்போடு கூட இன்னொரு 5 பைசா ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அந்தப் பணம் அகதிகளுக்கு. புது ஸ்டாம்பு அடிக்க அவகாசம் இல்லை. என்ன செய்வது? ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 5 பைசா ஸ்டாம்பை எடுத்து, அதன் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தார்கள். அதுவும் வந்து சேராத ஊர்களில் ரப்பர் ஸ்டாம்பு செய்து, தபால் ஆபீசிலேயே குத்திக் கொடுத்தார்கள்.

அந்த 5 பைசா ஸ்டாம்பு எது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஸ்டாம்பு! (பலத்த சிரிப்பு) ஆமாம் அம்மா, சிவப்பு நிறத்தில் அளவான குடும்பத்தின் படம் போட்டதே, அதுதான். நினைத்துப் பாருங்கள். நம் குழந்தைகளுக்கே சோறு போட முடியவில்லை, கொஞ்சமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்ன தேசம். அந்த வாசகத்துக்கான ஸ்டாம்பின் மேலேயே, அடுத்த வீட்டுக் குழந்தைகள் ஒரு கோடிப் பேர் வந்திருக்கிறார்கள், வரட்டும் என்று அச்சடித்துக் கொடுத்தது. (நீண்ட கைதட்டல்) நம்முடைய ஏழ்மையும் நம்முடைய பெருந்தன்மையும் ஒரே ஸ்டாம்பில், ஒன்றின் மேல் ஒன்றாக! பிறகு டிசம்பரில் அகதிகள் படத்தோடு தனி ஸ்டாம்பு வந்தது. அது அழகாக இருக்கும். ஆனால் எனக்கு அந்தப் பழைய ஸ்டாம்புதான் உசத்தி. 1973 மார்ச் 31 வரைக்கும் இந்த ஏற்பாடு நடந்தது. அந்த ஸ்டாம்புக்கு நான் மறுபடி வருவேன்.

இடையில் ஒரு டாக்டரைச் சொல்லிவிடுகிறேன். துவாரகநாத் கோட்னிஸ். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர்க்காரர். 1938-இல் சீனாவின் மேல் ஜப்பான் படையெடுத்திருந்த நேரம். மருத்துவ உதவி வேண்டும் என்று சீனாவிலிருந்து கேட்டார்கள். நாமே அப்போது அடிமை நாடு. அடிமை நாட்டிலிருந்து காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் வட சீன மலைப் பகுதியிலேயே தங்கிவிட்டார். சீன மொழி கற்றுக்கொண்டார். போர் முனைக்குப் பக்கத்தில் அறுவை சிகிச்சை செய்தார். குவோ சிங்லான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1942-இல் ஆண் குழந்தை. பெயர் இன்ஹுவா. சீன மொழியில் ‘இன்’ இந்தியாவைக் குறிக்கும், ‘ஹுவா’ சீனாவைக் குறிக்கும். இரண்டு தேசத்தையும் சேர்த்து ஒரு கைக்குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள்! அதே வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி கோட்னிஸ் நோயில் இறந்துபோனார். வயது 32.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1962-இல் யுத்தம். இரண்டு நாட்டுக்கும் நடுவில் பல வருஷம் தூதர்கள் கூடக் கிடையாது. நம் பிரதமர் ராஜீவ் காந்தி சீனாவுக்குப் போனது 1988 டிசம்பரில். 1954-இல் நேரு போனதற்குப் பிறகு 34 வருஷம் கழித்து ஒரு பிரதமர் போகிறார். ஆனால் சீனா கோட்னிஸுக்குத் தபால் தலை வெளியிட்டது எப்போது? 1982-இல்! பிரதமர் போவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே செத்துப்போன ஒரு டாக்டர் ஸ்டாம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு சீனாவின் கடிதங்களோடு ஊர் ஊராகப் போய்விட்டார். (கைதட்டல்) நம் நாடு அவருக்கு ஸ்டாம்பு போட 1993 ஆனது. நம் பிள்ளைக்கு நாம்தான் லேட். அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

சகோதரர் கேட்பார், அந்த ஸ்டாம்பு எல்லைத் தகராறைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை ஐயா. 2020-இல் கல்வானில் நம் 20 வீரர்களைப் பறிகொடுத்தோம். ஸ்டாம்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை நடக்கிறது, கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அப்போதும் தம்பி வீட்டுச் சுவரில் அண்ணனோடு எடுத்த பழைய போட்டோ தொங்கிக்கொண்டிருந்தால், ‘அந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கு’ என்று ஊர் சொல்லுமா சொல்லாதா? அந்தப் போட்டோவால் கேஸ் முடியாது. ஆனால் கழற்றி எறிகிற வரைக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

இன்னும் இரண்டை வேகமாகச் சொல்கிறேன், நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1940 என்று எழுபது வருஷத்துக்குள் மூன்று தடவை மோதிக்கொண்ட நாடுகள். ஹிட்லர் யுத்தம் முடிந்து பதினொரே வருஷம், 1956-இல், அந்த இரண்டும் இன்னும் நான்கு நாடுகளோடு சேர்ந்து ஒரே படத்தைத் தங்கள் தபால் தலைகளில் போட்டன. கட்டட வேலைக்குச் சாரம் கட்டியிருக்கிறது, அதற்குள்ளே ‘யூரோப்பா’ என்ற எழுத்துகளே கோபுரமாக எழும்பி நிற்கின்றன. கட்டிடம் முடிந்தது என்று பொய் சொல்லவில்லை. சாரத்தோடு காட்டினார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

அடுத்தது அமெரிக்காவும் சோவியத் யூனியனும். 1975 ஜூலை 15-ஆம் தேதி, இரண்டு நாட்டு விண்கலங்களும் புறப்பட்ட அன்றைக்கே இரண்டு நாடும் கூட்டாகத் தபால் தலை வெளியிட்டன. படத்தில் அப்போலோவும் சோயூஸும் விண்ணில் இணைந்திருக்கின்றன. உண்மையில் அவை எப்போது இணைந்தன? 17-ஆம் தேதி! இரண்டு நாள் முன்னாலேயே ஸ்டாம்பு வந்துவிட்டது. ஏதாவது கோளாறாகி இணையாமல் போயிருந்தால், உலகம் சிரித்திருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு எவ்வளவு நம்பிக்கை வேணும்! (சிரிப்பு) அதுவும் ஒருத்தர் மேல் ஒருத்தர் அணுகுண்டைக் குறிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில்.

இப்போது அந்த 5 பைசாவுக்குத் திரும்புகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த நட்பு ஸ்டாம்பையெல்லாம் மந்திரிகள் மேடையில் வெளியிடுகிறார்கள், சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் வைக்கிறார்கள், சாதாரண வீட்டில் எவன் ஒட்டினான் என்றார். நியாயமான கேள்வி. பதில் என் பையில் இருக்கிறது.

நான் பிறந்தது 1971 டிசம்பர் முதல் வாரம். யுத்தம் நடந்துகொண்டிருந்த வாரம். என் அம்மா பிரசவத்துக்கு அவர் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். தாத்தா அந்தச் சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ரொம்பக் கணக்கான மனிதர். பொட்டலம் கட்டின சணல் கயிற்றைக் கூட அவிழ்த்துச் சுருட்டி வைப்பார். எனக்குப் பேத்தி என்கிற சலுகையெல்லாம் கிடையாது. கடலைமிட்டாய் எடுத்தால் நோட்டில் ஏறிவிடும். (சிரிப்பு) அவர்தான் நான் பிறந்த சேதியை என் அப்பாவுக்குக் கடிதமாகப் போட்டார். எங்கள் வீட்டில் வந்த கடிதங்களையெல்லாம் அப்பா ஒரு கம்பியில் குத்தி வைப்பார். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், அடியில் ஒரு கட்டை, மேலே வளைந்த கம்பி. அப்பா காலமான பிறகு அந்தக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கிட்டத்தட்ட அடியில் அந்தக் கவர் இருந்தது. மூலையில் இரண்டு ஸ்டாம்பு. ஒன்று வழக்கமானது. பக்கத்தில் சிவப்பாக, சின்னதாக, அளவான குடும்பம்; மேலே கறுப்பு எழுத்தில் அகதிகள் நிவாரணம்.

பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்று நாலு வரி. அடியில் ஒரு வரி தனியாக எழுதியிருந்தார். ‘தபாலுக்கு இப்போது ஐந்து பைசா அதிகம் கேட்கிறார்கள், மாப்பிள்ளை பதில் போடும்போது கவனமாக இருக்கவும்.’ (பலத்த சிரிப்பு) அவர் அப்படித்தான்.

தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டுகளை என் மாமா பரணில் போட்டு வைத்திருந்தார். கடிதத்தைப் பார்த்தபிறகு நான் ஊருக்குப் போய் அந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் பற்றுப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். பேத்தி பிறந்த வகை, சர்க்கரை இவ்வளவு, மருத்துவச்சிக்கு இவ்வளவு, தபால் இவ்வளவு. தபால் செலவிலேயே அந்த 5 பைசாவையும் சேர்த்து எழுதியிருக்கலாம் இல்லையா? எழுதவில்லை. தனியாக ஒரு வரி. ‘அகதிகள் வகை, 5 பைசா.’

அதோடு நிற்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். கவர் அனுப்பிய நாளிலெல்லாம் அந்த வரி இருக்கிறது. 1972 முழுக்க இருக்கிறது. அகதிகள் வகை, 5 பைசா. அகதிகள் வகை, 5 பைசா. யுத்தம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிப் போன பிறகும் இருக்கிறது. 1973 மார்ச்சோடு நிற்கிறது. அவருக்கு வங்காளி பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு அகதியைக் கண்ணால் பார்த்ததில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நட்புக் கொண்டார்கள் என்று நான் முப்பது வருஷமாக வகுப்பில் பாடம் நடத்துகிறேன். அவர்களாவது கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். தாத்தா யாரையும் பார்க்கவேயில்லை. (அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

தாத்தாவின் நோட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கொடுத்த பணம் திரும்பி வந்தால், வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டு, பற்றுப் பக்கத்தில் உள்ள வரியைக் குறுக்கே கோடு போட்டு அடிப்பார். திரும்ப வராவிட்டால் பக்கத்தில் ‘நிலுவை’ என்று எழுதுவார். கடலைமிட்டாய்க்கே நிலுவை எழுதினவர். இந்த அகதிகள் வகை வரிகளுக்கு எதிரே வரவு இல்லை, கோடும் இல்லை. நிலுவை என்றும் எழுதவில்லை.

நோட்டை இங்கே கொண்டுவந்திருக்கிறேன் நடுவர் அவர்களே. ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது, பார்த்துத் திருப்புங்கள். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிட்டு எதிரணித் தலைவரிடமும் கொடுங்கள்.